பாயில் கழுத்தையும் முதுகையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி: தற்காப்புக் கலை பழகுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஜியு-ஜிட்சு வகுப்பின் கடைசி ரவுண்டு. எதிரில் இருந்தவர் என்னைவிட 18 கிலோ கூடுதல். நான் மல்லாந்து கிடக்க, என் இரண்டு கால்களையும் என் தலைக்கு மேலே தள்ளி, பெட்ஷீட்டை மடிக்கிற மாதிரி மடித்து மேலிருந்து அழுத்தினார். பூட்டு எதுவும் விழவில்லை, மூச்சும் அடைக்கவில்லை, அப்புறம் எதற்குத் தட்டி (கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டு) விட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிடரியில் களுக்கென்று ஒரு சத்தம். வலது கட்டைவிரல் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி ஒரு கோடு ஓடி மறைந்தது. வலி பெரிதாக இல்லை. எழுந்து கைகொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை தலையைத் திருப்ப முடியவில்லை. தெரிந்த ஒருவர், வெறும் சுளுக்குத்தான் என்று சொல்லி, எண்ணெய் தடவி, தாடையைப் பிடித்து ஒரே வெட்டாகத் திருப்பிவிட்டார். அன்று சாயங்காலமே சட்டைப் பித்தானைப் போட முடியாத அளவுக்குக் கட்டைவிரல் மரத்துப்போனது. ஸ்கேன் எடுத்தபோது கழுத்தில் 5ஆவது, 6ஆவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. பழையபடி பாயில் இறங்க ஐந்து மாதம் ஆனது. வலி எவ்வளவு என்று பார்த்தேனே தவிர அது எங்கே போகிறது என்று நான் பார்க்கவே இல்லை. அந்தத் தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஜூடோவும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவும் பழகுகிறவன், அடிபட்டு, பிசியோதெரபிஸ்ட்டிடம் மாதக்கணக்கில் கேள்வி கேட்டு நச்சரித்தவன், அவ்வளவுதான். உங்களுக்கு ஏதாவது ஆனால் நேரில் போய்க் காட்டுங்கள்.

முதலில் கொஞ்சம் உடற்கூறு

கழுத்தில் 7 எலும்புகள், நடு முதுகில் 12, இடுப்பில் 5. ஒவ்வோர் ஜோடிக்கும் நடுவே (கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைத் தவிர) ஒரு டிஸ்க், நம் ஊரில் ஜவ்வு என்று சொல்வார்களே அதுதான். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல்லி போன்ற ஒன்று. இந்த எலும்புகளின் பின்பக்கத் துவாரம் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. இடுப்பின் முதல் இரண்டாம் எலும்புகளுக்கு அருகே அது முடிந்துவிட, அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்புக் கொத்து மட்டும் போகிறது.

கழுத்து இயல்பாக முன்பக்கம் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு ஒரு ஸ்பிரிங் மாதிரி. தலையைக் குனிந்தால், சுமார் 30 டிகிரி குனிந்தாலே போதும், வளைவு போய்க் கழுத்து நேர்க்கம்பாகிவிடுகிறது. அந்த நிலையில் உச்சந்தலை தரையில் மோதி, பின்னாலேயே உடம்பின் எடை முழுவதும் வந்து இறங்கினால் ஸ்பிரிங் இல்லாத கம்பு என்ன ஆகுமோ அது ஆகும்: எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தில் குத்தும். கை கால் செயலிழந்துபோகிற விபத்துகளில் பெரும்பாலானவை இப்படி நேர்பவைதான். கழுத்து பின்னால் முறிவது அல்ல, குனிந்த தலையோடு போய் முட்டுவதுதான் பெரிய எமன் என்று எனக்குத் தெரிந்ததே அடிபட்ட பிறகுதான்.

ஜூடோவில் உச்சி-மாட்டா போன்ற எறிதலைப் போடும்போது, எறிகிறவரே தலையை முன்னே விட்டுப் பாயில் பாய்ந்தால் நேரடித் தகுதிநீக்கம், ஹன்சோகு-மாகே. முதல்முறை கேள்விப்பட்டபோது, தூக்கி எறிந்தவனையே ஏன் வெளியேற்றுகிறார்கள் என்று வியந்தேன். அவருடைய கழுத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி. ஜியு-ஜிட்சுவிலும் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப் விதிப்படி ஆளைத் தூக்கித் தரையில் அறைவதும், கழுத்தை நெரிக்காமல் முதுகெலும்பை மட்டும் முறுக்கும் பிடிகளும் தடை. உங்கள் வகுப்பில் யாராவது இதையெல்லாம் விளையாட்டாகச் செய்தால் மாஸ்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

இடுப்பின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஒரே நாளில் எதுவும் போவதில்லை. குனிந்து, கூடவே முறுக்கி, பாரத்தையும் தாங்குவது, அதையே ஆயிரம் தடவை செய்வது: டிஸ்க்கின் நார் வளையம் இப்படித்தான் இழை இழையாகத் தளர்கிறது. அப்புறம் ஒருநாள் செருப்பை எடுக்கக் குனியும்போது பிடித்துக்கொள்ளும், நாம் பழியைச் செருப்பின் மேல் போடுவோம்.

எந்தக் கலையில் எங்கே வாங்குகிறோம்

ஜூடோவில் விழும்போது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓசோட்டோ-காரி என்கிற பின்பக்க எறிதலில் தாடையை உள்ளே இழுக்க மறந்து பின்மண்டையைப் பாயில் அடித்துக்கொள்வார்கள். கழுத்தும் சேர்ந்து உதறும். கொஞ்சம் தேறியவர்களுக்கு வேறு வியாதி: முதுகு படாமல் தப்பிக்க அந்தரத்தில் திரும்பித் தலையையோ கையையோ ஊன்றுவது. பயிற்சியில் ஒரு புள்ளி போனால் போகட்டும், ஒழுங்காக விழுங்கள்.

ஜியு-ஜிட்சுவில் மெதுவாகத்தான் நடக்கும், அதனாலேயே நாம் அசட்டையாக இருக்கிறோம். எனக்கு நடந்தது போன்ற மடிப்பு. கார்டுக்குள், அதாவது மல்லாந்து கிடப்பவரின் கால்களுக்கு நடுவே, இருப்பவரின் தலையை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக் கழுத்தை மடக்குவது. முன்னாலிருந்து தலையைக் கையிடுக்கில் வைத்து நெரிக்கும் கில்லட்டின் பிடியில் மூச்சுக்குழாய்க்குப் பதில் கழுத்தெலும்பை நெம்புவது. தலைகீழாகச் சுழன்று போகும் கார்டுகளைக் கழுத்தின் மேலேயே உருண்டு பழகுவது. மல்யுத்தத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காலைப் பிடிக்கப் பாய்பவர்கள் மேல் எதிராளி மொத்த எடையோடு விழும்போது. தாய்லாந்தின் முவாய் தாயில், நெருங்கி நின்று கட்டிப்பிடிக்கும் கிளிஞ்சில் பிடரியைப் பிடித்து இழுக்கும் இழுப்பு.

கராத்தே, டேக்வாண்டோக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடுப்புதான். இடுப்பு மூட்டு திறக்காதபோது கால் உயர வேண்டிய உயரத்தைக் கீழ்முதுகு வளைந்து கொடுத்து ஈடுகட்டுகிறது. சிலம்பத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரும்பாலானோர் வலது கையிலேயே மணிக்கணக்கில் கம்பு சுற்றுகிறோம், உடம்பு ஒரே பக்கம் முறுகிக்கொண்டே இருக்கிறது. இடது கைக்கும் சம நேரம் கொடுக்கச் சொல்கிற ஆசான் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அப்புறம், திருவிழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பிள்ளைகளைச் சிமெண்டுத் தரையில் பாய் இல்லாமல் அந்தர் பல்டி அடிக்க விடுகிறோமே, கைதட்டல் ஓயும்வரை என் வயிறு கலங்கிக்கொண்டே இருக்கும்.

முதல் படி: விழப் பழகுங்கள்

1882இல் ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை அங்கே உகெமி, அதாவது விழும் முறை, அடிப்படைப் பாடமாக இருப்பது சும்மா இல்லை. மற்ற கலைகள் பழகுபவர்களும் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. ஒரு நாளும் சண்டை போடாவிட்டாலும் வழுக்கிய பாத்ரூமில் உதவும்.

மல்லாந்து படுத்துத் தொடங்குங்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்து உங்கள் பெல்ட் முடிச்சைப் பாருங்கள். கண் முடிச்சில் இருக்கிறவரை பின்மண்டை தரையில் படாது. கைகளை உடம்பிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலக்கி உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரே நேரத்தில் படும்படி பாயை அறைந்து மூச்சை வெளியே விடுங்கள். இது படுத்த நிலையில் தானாக வந்த பிறகு குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்ற நிலையிலிருந்து, கடைசியாக ஒருவர் மெதுவாக எறிய. முன்பக்க உருளலில் உச்சந்தலை தரையைத் தொடவே கூடாது. ஒரு தோளில் இறங்கி முதுகின் குறுக்கே போய் எதிர்ப்பக்க இடுப்பில் முடிய வேண்டும். உருண்ட பிறகு முதுகெலும்பின் நடுவில் வலித்தால் நேராக உருண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிற்கும் நிலையிலிருந்து நன்றாக விழத் தெரியும்வரை முழு வேக எறிதலுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அது இரண்டு வாரமானாலும் சரி, இரண்டு மாதமானாலும் சரி.

தரையையும் பாருங்கள். ஜூடோப் பாய் வழக்கமாக 4 சென்டிமீட்டர் தடிமன், அழுத்தமான நுரை. நம் ஊரில் பல கூடங்களில் இருப்பது ஒன்றோடொன்று பல் போலக் கோக்கும் மெல்லிய ஃபோம், கீழே நேராகச் சிமெண்டு. அடவு பழக, தரைப்பிடி பழக அது போதும், எறிதலுக்குப் போதாது. எறிய வேண்டுமென்றால் மேலே ஒரு தடித்த மெத்தையைப் போடுங்கள். இரண்டு பாய்க்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தால் வகுப்பை நிறுத்திச் சரிசெய்த பிறகுதான் தொடர வேண்டும்.

இரண்டாம் படி: கழுத்துக்கு வலு

கையையும் நெஞ்சையும் ஏற்றுகிறவர்கள் கழுத்தை மறந்தே போகிறார்கள். அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில் கழுத்து வலு ஒரு பவுண்டு கூடும்போது மூளை அதிர்ச்சிக்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். அது தலை பற்றிய ஆய்வு, கழுத்துக் காயத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் தலை உதறாமல் பிடித்து நிறுத்துவது கழுத்துத் தசைதானே.

வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிடம் போதும். முதல் இரண்டு வாரம் தாடையைப் பின்னால் இழுக்கும் பயிற்சி மட்டும்: குனியாமல் நிமிராமல், இரட்டைத் தாடை விழுகிற மாதிரி முகத்தை நேராகப் பின்னுக்குத் தள்ளி ஐந்து விநாடி, பத்து தடவை. பார்க்கக் கேவலமாக இருக்கும், பரவாயில்லை. கூடவே, மல்லாந்து படுத்துத் தாடையை உள்ளே இழுத்தபடி தலையை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி 20 விநாடி நிறுத்துங்கள். நடுங்கினால் எவ்வளவு பலவீனமாக இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து உள்ளங்கையை நெற்றியில், பின்மண்டையில், இரண்டு பொட்டிலும் மாற்றி மாற்றி வைத்து, தலை அசையாமல் பாதி பலத்தில் தள்ளுங்கள். பக்கத்துக்குப் பத்து விநாடி, மூன்று முறை. இது சுலபமான பிறகு ரப்பர் பேண்ட். இரண்டு கையிலும் கனத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடப்பதும் பிடரித் தசைக்கு அருமையான பயிற்சி. ஜிம் இல்லாதவர்கள் இரண்டு கையிலும் தண்ணீர் கேனோடு மாடி ஏறலாம், ஒரே கையில் தூக்காதீர்கள்.

மல்யுத்த வீரர்கள் தலையை ஊன்றிப் போடும் பிரிட்ஜ் பற்றிக் கேட்பீர்கள். சின்ன வயதிலிருந்து படிப்படியாகப் பழகியவர்களுக்கு அது பழக்கம். முப்பது வயதில் ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பொழுதுபோக்குக்குப் பழகுகிற நமக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி. அதில் கிடைக்கும் பலத்தை மேலே சொன்னவற்றிலேயே எடுத்துவிடலாம்.

மூன்றாம் படி: இடுப்பை அசையாமல் பிடிக்கும் பலம்

தண்டால் தண்டாலாகவும் சிட்-அப் சிட்-அப்பாகவும் போட்டால் முதுகு பலமாகும் என்றுதான் நானும் நம்பினேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் சொல்வது வேறு: நடுவுடம்பின் முக்கியமான வேலை வளைவதல்ல, கையும் காலும் பலத்தைச் செலுத்தும்போது அசையாமல் நிற்பது. அவர் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளைத்தான் என் பிசியோவும் கொடுத்தார். ஒரு காலை மடித்து, மறுகாலை நீட்டி, கீழ்முதுகின் வளைவுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குவது முதலாவது. இரண்டாவது பக்கவாட்டுப் பிளாங்க், ஒருக்களித்து ஒரு முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது. மூன்றாவது, நாலு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி, பிறகு மாற்றி. ஒவ்வொன்றையும் பத்து விநாடி நிறுத்தி ஆறு, நாலு, இரண்டு என்று குறைந்துகொண்டே போகும் சுற்றுகளாகச் செய்ய வேண்டும். நேரத்தை நீட்டாதீர்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இதோடு முழங்காலை லேசாக மடித்து, முதுகு நேராக இருக்க, இடுப்பு மூட்டில் மட்டும் மடங்கிக் குனியும் பழக்கம். எதிராளியைத் தூக்குவதிலிருந்து காஸ் சிலிண்டர் நகர்த்துவது வரை இதுதான். கர்லாக் கட்டை சுற்றத் தெரிந்தவர்கள் சுற்றுங்கள், தோளும் நடு முதுகும் திறந்தால் கழுத்துக்கும் இடுப்புக்கும் வேலை குறையும். கட்டை கனமாக இருக்க வேண்டியதில்லை.

அதிகாலை வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிவிடுகிறது. காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பதே அதனால்தான். உப்பிய டிஸ்க்கை ஆழமாகக் குனிய வைத்தால் அழுத்தம் அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் காலைத் தொடும் நீட்டல், சிட்-அப், குட்டிக்கரணம் எல்லாம் வேண்டாம். ஆறு மணி வகுப்பென்றால் ஐந்து மணிக்கே எழுந்து நடமாடுங்கள், வழியில் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போங்கள்.

நான்காம் படி: ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) புத்தி

அழுத்தத்துக்கும் தட்டுங்கள். பூட்டு விழுந்தால்தான் தட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கழுத்து மடிகிறது என்று தோன்றிய கணமே தட்டலாம், கை மாட்டியிருந்தால் வாயால் சொல்லலாம். மடிக்கப்படும்போது தட்ட மனமில்லையென்றால் குறைந்தது எடையைக் கழுத்திலிருந்து ஒரு தோளுக்கு மாற்றி, எதிராளியைச் சுற்றிக் கோத்திருக்கும் கால்களை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிவிடுங்கள். நிலை போகும், ஐந்து மாதம் போகாது. காலைப் பிடிக்கப் பாயும்போது கண் எதிராளியின் நெஞ்சைப் பார்க்கட்டும், காது அவர் விலாவை ஒட்டட்டும்.

எடை வித்தியாசம் அதிகமென்றால், புதியவர் பதற்றத்தில் உதறுகிறவர் என்றால், நீங்களே களைத்துப்போய் கடைசி ரவுண்டு என்றால், உட்கார்ந்து பாருங்கள். எனக்கும், எனக்குத் தெரிந்த பலருக்கும் அந்தக் கடைசி ரவுண்டில்தான் நடந்திருக்கிறது. இப்போது நான் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன்: "தம்பி, கழுத்தை மட்டும் விட்டுடு." இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

வார்ம்-அப் பற்றி ஒரே வரி: பத்து நிமிடம், உடம்பு வேர்க்கும்வரை, தலையை முழு வட்டமாக வேகமாகச் சுழற்றுவது இல்லாமல்.

அடிபட்ட அந்த நிமிடம்

இதை வகுப்பில் எல்லோரும் ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும், ஏனென்றால் நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது, பத்து பேர் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த அன்புதான் ஆபத்து.

தலை முட்டி விழுந்தவர், கழுத்து நடுவில் வலிக்கிறது என்பவர், கையோ காலோ மரத்திருக்கிறது என்பவர், ஒரு கணமாவது மயங்கியவர்: இவர்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு, முழங்கையைத் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கையாலும் தலையைப் பக்கவாட்டில் பிடித்து அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவும் கூடாது, நேராக்கவும் கூடாது, ஆம்புலன்ஸ்காரர்கள் வாங்கிக்கொள்ளும்வரை விடவும் கூடாது. இன்னொருவர் தமிழ்நாட்டில் 108க்கு, இலங்கையில் 1990க்குப் போன் போட்டு, கழுத்தில் அடி என்று தெளிவாகச் சொல்லட்டும். தலையணை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், தலையாட்டிப் பதில் சொல்ல விடவும் வேண்டாம். விரல் அசைகிறதா, தொடுவது தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். வாந்தி வந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றையும் மூன்று நான்கு பேர் ஒரே எண்ணிக்கையில் மரக்கட்டையை உருட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். எண்ணுகிறவர் தலையைப் பிடித்திருப்பவர்.

மூச்சே இல்லையென்றால் கழுத்தைப் பற்றிய கவலை இரண்டாமிடம். தலையைப் பின்னால் சாய்ப்பதற்குப் பதில் தாடையை முன்னே தள்ளி வழி திறக்கப் பாருங்கள், நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்தத் தொடங்குங்கள். ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது மட்டும் கூடவே கூடாது. மருத்துவமனையில் எலும்பு முறிவு சந்தேகம் வலுவாக இருந்தால் எக்ஸ்ரேவோடு நிறுத்தாமல் சி.டி. ஸ்கேன் சொல்வார்கள், எக்ஸ்ரேயில் தப்புகிற முறிவுகள் கழுத்தில் உண்டு.

வலி எங்கே போகிறது?

ஆம்புலன்ஸ் தேவைப்படாத, வீட்டுக்கு வந்துவிட்ட அடிகளுக்கு இது. வலி விழுந்த இடத்திலேயே நிற்கிறது, தொட்டால் வலிக்கிறது, திருப்பினால் பிடிக்கிறது, கைகாலில் ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் தசை அல்லது தசைநார். சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் அடங்கும்.

வலியோ மரமரப்போ பயணம் போகிறதென்றால் நரம்பு. கழுத்திலிருந்து கட்டைவிரலுக்குப் போனால் 6ஆவது கழுத்து நரம்பு, நடுவிரலுக்கு 7ஆவது, சுண்டுவிரலுக்கு 8ஆவது. இடுப்பிலிருந்து கால் பெருவிரலுக்குப் போனால் இடுப்பின் 5ஆவது நரம்பு; பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போய், ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்க முடியவில்லையென்றால் அதற்கு அடுத்தது. டாக்டரிடம் முதுகுவலி என்று சொல்லாமல் எந்த விரல் என்று சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது. ஒரு கை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி எரிந்து சில விநாடியிலோ நிமிடத்திலோ மறைவதும் உண்டு, தோளும் கழுத்தும் எதிரெதிர்ப் பக்கம் இழுபடும்போது வரும். மறைந்துவிட்டாலும் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி வந்தால் காட்டுங்கள்.

இனி வருபவை நாளைக்குப் பார்க்கலாம் என்கிற ரகமே இல்லை. இரண்டு கையிலும் அல்லது கையும் காலும் சேர்ந்து மரப்பது, நடை தள்ளாடுவது, விரல்கள் சொன்னபடி கேட்காமல் பித்தான் போட முடியாமல் போவது, குனிந்தால் முதுகுத்தண்டு வழியாக மின்சாரம் இறங்குவது: தண்டுவடம் அழுத்தப்படுகிறது. சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போய், சிறுநீர் வராமல் முட்டிக்கொண்டோ தெரியாமல் கசிந்தோ இருந்தால் நான் சொன்ன குதிரைவால் நரம்புக் கொத்து நசுங்குகிறது. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டிய அவசரம் அது, வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரியைக் கடத்தாதீர்கள். நெரிப்புப் பிடிக்கோ கழுத்து உதறலுக்கோ பிறகு இதுவரை அறியாத மாதிரி ஒருபக்கக் கழுத்துவலி அல்லது தலைவலி, கூடவே தலைசுற்றல், ஒரு கண்ணிமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்றால் கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். அதிலிருந்து பக்கவாதம் வரும், இளைஞர்களுக்கும் வரும். காய்ச்சலோடு முதுகுவலி, ராத்திரி தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வலி இரண்டையும் அடியின் கணக்கில் எழுதாமல் காட்டிவிடுங்கள்.

முதல் வாரம் வீட்டில்

முதல் ஓரிரு நாள் ஐஸோ வெந்நீர் ஒத்தடமோ எது சுகமாக இருக்கிறதோ அது. பாரசிட்டமால் அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள். படுத்தே கிடக்காதீர்கள், இரண்டு நாளுக்கு மேல் படுக்கை முதுகை இன்னும் இறுக்கும். பத்து நிமிட நடை, நாளைக்கு மூன்று தடவை. மெடிக்கல் ஷாப்பில் கழுத்துப் பட்டை வாங்கி வாரக்கணக்கில் மாட்டிக்கொள்வதும் வேண்டாம், தசை சோம்பிவிடும். தூங்கும்போது ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கழுத்துக்குத் தோள் உயரம் நிரம்புகிற ஒன்று.

எண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிடுவதை நான் எதிர்க்க மாட்டேன், சுகமாகத்தான் இருக்கும். கழுத்தை வெட்டித் திருப்பிச் சொடக்கெடுப்பதுதான் கூடாது: சுளுக்கு எடுப்பவரானாலும், முடிவெட்டி முடித்ததும் பாசத்தோடு தலையைத் திருகும் சலூன் அண்ணனானாலும். நரம்பு அழுத்தப்பட்டிருக்கும்போது அது எனக்குச் செய்ததைப் படித்தீர்கள், ரத்தக்குழாய் கிழிவதும் மருத்துவத்தில் பதிவாகியிருக்கிற ஆபத்துதான்.

பிசியோதெரபியும் ஸ்கேனும்

1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் கால் வரை வலி இறங்கிய ஒருவர் வந்தார். போய்ப் படுங்கள், வருகிறேன் என்று சொல்லி அனுப்ப, தலைமாடு உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் அவர் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்த அந்த நிலையில் சில நிமிடம் கிடந்தவருக்குக் கால்வலி போய்விட்டிருந்தது. அதிலிருந்து பிறந்த முறையில்தான் இன்றும் பல பிசியோக்கள் சோதிக்கிறார்கள்: எந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கு, தொடைக்கு, இடுப்புக்கு என்று ஏறி வருகிறது? இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, காலை விட்டு வெளியேறினால் நல்ல சகுனம். கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். கழுத்துக்கும் அதே கணக்கு, விரலிலிருந்து தோளுக்கு வர வேண்டும். எனக்கு நான்காவது வாரம் கட்டைவிரல் தெளிந்து வலி தோள்பட்டைக்கு ஏறியபோது வலி கூடுகிறதே என்று பயந்தேன், பிசியோ சிரித்தார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் இடிந்துபோகாதீர்கள். வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரைப்படி, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்வும் 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் இருந்தன. அதனால் எடுத்ததுமே எம்.ஆர்.ஐ. தேவையில்லை. மேலே சொன்ன அவசர அறிகுறிகள், கூடிக்கொண்டே போகும் பலவீனம், அல்லது ஆறு வாரமாகியும் தணியாத நரம்பு வலி என்றால் எடுக்கலாம். பிதுங்கிய டிஸ்க்கை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவது சகஜம், பெரும்பாலோருக்கு அறுவைசிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிகிறது. தண்டுவடம் அழுத்தப்பட்டவர்கள், பலம் குறைந்துகொண்டே வருகிறவர்கள் மட்டும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு வித்தை காட்டக்கூடாது.

பிள்ளைகளைப் பழக அனுப்பும் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. பதின்ம வயதில் உதையும் பின்வளைவும் அதிகமாகப் பழகும் பிள்ளைக்கு, பின்னால் வளையும்போது கீழ்முதுகு வலித்து அது இரண்டு மூன்று வாரம் நீடித்தால் தசைப்பிடிப்பு என்று விடாதீர்கள். இடுப்பின் கடைசி எலும்பின் பின்வளையத்தில் மயிரிழை முறிவு விழும் வயது அது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். சீக்கிரம் கண்டுபிடித்து சுமார் மூன்று மாதம் விளையாட்டை நிறுத்தினால் கூடிவிட நல்ல வாய்ப்பு உண்டு, போட்டி வருகிறது என்று ஓட்டினால் கூடாமலே நின்றுவிடும்.

பாய்க்குத் திரும்புவது

முதலில் வண்டி ஓட்டும்போது தோளுக்கு மேல் இரண்டு பக்கமும் வலியில்லாமல் திரும்பிப் பார்க்க வேண்டும், இரண்டு கைப்பலமும் ஒன்றாக இருக்க வேண்டும், மரமரப்பு முழுக்கப் போயிருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு வாரம் தனியாக அசைவுகள். அடுத்து எதிர்ப்பில்லாத ஜோடிப் பயிற்சி. அடுத்து விழுதல், தரையிலிருந்து மறுபடி முதல் பாடம் மாதிரி. அப்புறம் ஒரே ஒரு நிலையிலிருந்து தொடங்கும் குறுகிய ஸ்பாரிங், நம்பிக்கையான ஒருவரோடு மட்டும். கடைசியில்தான் முழு ரவுண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு வாரம், நரம்பு அடிபட்டவர்களுக்கு இரண்டு. தசை வலித்தால் அதே படியில் நில்லுங்கள். விரலில் மறுபடி மின்சாரம் ஓடினால் இரண்டு படி கீழே போங்கள், பிசியோவுக்கும் சொல்லுங்கள்.

நான் முழு ரவுண்டுக்குத் திரும்பிய நாளில் மாஸ்டர் என்னோடு இறங்கச் சொன்னது அதே 18 கிலோ கூடுதல் அண்ணனைத்தான். மூன்றாவது நிமிடம் காலை மடிக்கத் தொடங்கினார். கழுத்து வளைவதற்கு முன்பே தட்டிவிட்டேன். "இன்னும் ஒண்ணுமே பண்ணலையேப்பா" என்றார். எழுந்து கைகொடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.